“கேஸ் மாத்திரை ஒண்ணு கொடுங்க”: நெஞ்செரிச்சல் மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். காலையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர், மதியம் மண்டிக்காரர், ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறவர், யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, கேஸுக்கு ஒண்ணு கொடுங்க.” எந்த மாதிரித் தொந்தரவு என்று நாலு கேள்வி கேட்டால் வரிசையில் பின்னால் நிற்பவர் முறைக்கிறார். கவுன்ட்டரில் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது என் வேலை, உங்களுக்கு என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை.

கேஸ், நெஞ்செரிச்சல், அல்சர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நம் ஊரில் மூன்றையும் ஒரே பையில் போட்டுவிட்டோம், அதுதான் சிக்கல்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சோறு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அது நேரம் கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இதைத்தான் நம் பாட்டிகள் “எதுக்களிக்குது” என்றார்கள். அருமையான சொல், அதை விட்டுவிட்டு ‘கேஸ்’ என்பதைப் பிடித்துக்கொண்டோம். இரைப்பையின் உள்சுவருக்குச் சளிப் படலம் காவல் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் எரிகிறது.

வாயு வேறு. விழுங்கிய காற்றும், பெருங்குடலில் கிருமிகள் உணவைப் புளிக்க வைப்பதால் வருவதும்தான் வாயு. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை அதைக் குறைக்காது. மொச்சைக் குழம்பு சாப்பிட்டு வயிறு உப்பினால், அமிலத்தைக் குறைக்கிற பான் 40 (பான்டோபிரசோல் 40 மி.கி.) போட்டு என்ன ஆகும்?

அல்சர் என்றால் புண். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால்தான் உறுதி. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருவது. கிருமிதான் காரணம் என்று காட்டியதற்காக ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது. அதற்குக் கிருமிக்கொல்லி மருந்துகளும் சேர்ந்த தனிச் சிகிச்சை உண்டு. “பத்து வருஷமா அல்சருங்க” என்று சொல்கிற பலர் இதுவரை எண்டோஸ்கோப்பி பார்த்ததே இல்லை.

கடையில் இத்தனை மருந்து இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

மேல்தொட்டி நிரம்பி வழிகிறது என்று வையுங்கள். வழிந்த தண்ணீரை வாரி ஊற்றலாம். மோட்டாருக்குப் போகிற சுவிட்சுகளில் ஒன்றை அணைக்கலாம். மோட்டாரையே நிறுத்தலாம்.

ஜெலுசில், டைஜீன், ஈனோ எல்லாம் முதல் வகை. ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கும், சுரப்பதைத் தடுக்காது. ஃபமோடிடின், ரனிடிடின் இரண்டாம் வகை. அமிலம் சுரக்கும் செல்லுக்கு ஹிஸ்டமின், கேஸ்ட்ரின், அசிட்டைல்கோலின் என்று மூன்று சுவிட்சுகள். இவை ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் அணைக்கும், மற்ற இரண்டும் இருக்கத்தான் செய்யும். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் மூன்றாம் வகை. அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்பையே பூட்டிவிடும். எந்தச் சுவிட்சைப் போட்டாலும் கடைசியில் அந்தப் பம்பு வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் இதற்குத்தான் வலு அதிகம்.

டைஜீன், ஜெலுசில், ஈனோ? உடனே கேட்கிறதே, அதையே குடித்தால் போதாதா?

எப்போதோ ஒரு நாளுக்குப் போதும். சில நிமிடத்தில் கேட்கும். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரம்தான் நிற்கும். சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடித்தால் 3 மணி நேரம் வரை தாங்கும், இரைப்பை அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதால். பாட்டிலை வாயில் கவிழ்ப்பதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில்தான் கிடக்கும், குலுக்காதவர் முதல் பத்து நாள் இனிப்புத் தண்ணீர் குடிக்கிறார்.

இவற்றில் மெக்னீசியம் வயிற்றைப் போக்கும், அலுமினியம் மலத்தைக் கட்டும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது அந்தச் சமநிலைக்காகத்தான். டைஜீனிலும் ஜெலுசிலிலும் குமிழிகளை உடைக்க சிமெதிகோனும் இருக்கிறது. உப்புசத்துக்குக் கொஞ்சம் உதவுவது அதுதான். ஈனோ சோடா உப்பு வகை. பிபி, இதய, சிறுநீரக நோயாளிகள் தினமும் குடிக்கக் கூடாது, உப்பு ஏறும். சிறுநீரகம் பழுதானவர்கள் அலுமினியம், மெக்னீசியம் உள்ளவற்றையும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கேவிஸ்கான் போன்றவை கொஞ்சம் வேறு. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இரைப்பைச் சோற்றின் மேல் தெப்பம் போல மிதக்கும். மேலே ஏறுவதானால் முதலில் அந்தத் தெப்பம்தான் ஏறும். படுத்ததும் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இது நல்ல கை.

ரான்டாக் இருக்கா? அப்பா காலத்திலிருந்து அதுதான்.

ரான்டாக் என்பது ரனிடிடின்தான், ஒரு காலத்தின் ராஜா. இந்த வகையில் முதலாவது சிமெடிடின், 1976-ல் இங்கிலாந்தில் வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கிடைத்தது. அதுவரை அல்சர் என்றால் அறுவை சிகிச்சைதான் என்று இருந்த நிலையை மாற்றிய மருந்துகள் இவை.

2019-ல் ரனிடிடினில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படும் மாசு இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து கலந்தது மட்டுமல்ல, மாத்திரை நாளாக ஆக, சூட்டில் இருக்க இருக்க, தானாகவே உள்ளே கூடுகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. இந்தியாவில் தடை இல்லை, ஆனால் 2022-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சேலத்து ஏப்ரல் வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரி எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இத்தனை நாள் சாப்பிட்டவர் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் அதே வேலையை ஃபமோடிடின் செய்கிறது, அதில் இந்தப் பிரச்சினை தெரிய வரவில்லை. நான் அதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ஃபமோடிடின் ஒரு மணி நேரத்துக்குள் பிடித்து 10, 12 மணி நேரம் நிற்கும். கல்யாணப் பந்தி, கிடா விருந்து என்று முன்கூட்டியே தெரிந்தால் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போடலாம். குறை ஒன்று: தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகி, வீரியம் மங்கும். ஆகவே ‘எப்போதாவது’ வகைக்குத்தான் இது அழகு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

பான் 40 மூன்று மாதமாகப் போடுகிறேன், கேட்கவே இல்லை. வேறு பவரானது கொடுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் இதே கேள்வியோடு வந்தார். அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார், ஓரம் மடங்கி, சரியாக நாள் தவறாமல் கிழித்த அட்டை. “எப்போ போடறீங்க?” என்றேன். “டாக்டர் சொன்னபடிதானுங்க, வெறும் வயித்துல. அஞ்சரைக்கு எந்திரிச்சதும் போட்டுருவேன்.” டிபன்? “தறியை விட்டு வர முடியுங்களா, பதினொண்ணு ஆகும். நடுவுல ஒரு டீ.”

பிடிபட்டது. இந்த மாத்திரை இரைப்பையில் கரைவதில்லை. அமிலத்தில் கெடாமல் இருக்க மேலே பூச்சு இருக்கிறது (அதனால்தான் உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது). சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றுவழியாக மறுபடி இரைப்பைச் செல்லுக்கு வருகிறது. அங்கே ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். தூங்குகிற பம்பை அது தொடாது. பம்புகள் கூட்டமாக விழிப்பது சாப்பாடு வரும்போது. மருந்தோ ரத்தத்தில் அதிக நேரம் காத்திருக்காது, 1 முதல் 2 மணி நேரத்தில் பாதி காலியாகிவிடும். இவர் போட்ட மாத்திரை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பதினொரு மணிக்கு இட்லி வந்தபோது பூட்ட ஆளில்லை.

‘வெறும் வயிற்றில்’ என்பது பாதி வாக்கியம்தான். ‘போட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடு’ என்பது மீதிப் பாதி. சீட்டில் எழுதுகிறவர்களும் கவரில் எழுதுகிற நாங்களும் அந்த மீதியை விட்டுவிடுகிறோம். அவரை மாத்திரையைப் பத்தேகாலுக்கு மாற்றச் சொன்னேன். அடுத்த முறை அதே பான் 40 வாங்கத்தான் வந்தார்.

இன்னொன்று: பூட்டிய பம்பு பூட்டியதுதான், திரும்பத் திறக்காது. புதுப் பம்புகள் உருவாக வேண்டும். அதனால்தான் ரத்தத்தில் மருந்து தீர்ந்தும் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது. ஆனால் ஒரே மாத்திரையில் எல்லாப் பம்பும் அகப்படாது. முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். இப்போது எரிகிறது, இப்போது நிற்க வேண்டும் என்பவருக்கு ஒரு பான் 40 விற்பது, உண்மையைச் சொன்னால், வியாபாரம்தான்.

நைட் ஷிஃப்ட் போகிறவன் நான். காலை என்பது எனக்கு எது?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள். உருக்காலை ஷிஃப்டாக இருந்தாலும் சேகோ மில்லாக இருந்தாலும், தூங்கி எழுந்த பின் முதலில் வயிறு நிறையச் சாப்பிடுவது எப்போதோ, அதற்கு அரை மணி முன்னால்.

பான் 40, ரேசோ 20, ஒமெப்ரசோல் 20. நம்பர் பெரிசு என்றால் பவர் பெரிசா?

வேறு வேறு மருந்துகளின் மில்லிகிராமை ஒப்பிட முடியாது. ரேசோ 20-ல் இருக்கிற 20 மி.கி. ரபெப்ரசோல், அமிலத்தை அடக்குவதில் 40 மி.கி. பான்டோபிரசோலைவிடக் கொஞ்சம் மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சரியான நேரத்தில் போட்டால் நோயாளிக்குத் தெரிகிற வித்தியாசம் சொற்பம். ஒன்று கேட்காதவருக்கு இன்னொன்று கேட்பது உண்டு, கல்லீரல் இந்த மருந்துகளை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் மாற்றிப் பார்ப்பார்.

பான்-டி என்றால் பான் 40-க்கு அண்ணனா?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது வேறு மருந்து கூடச் சேர்ந்தது, டாம்பெரிடோன். வாந்தியைத் தடுக்கும், இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளும். குமட்டலோடு எரிச்சல் இருந்தால் சில நாளுக்குச் சரி. வெறும் எரிச்சலுக்கு அது கூடுதல் சுமை. இதயத் துடிப்பின் தாளத்தை அது குலைக்க வாய்ப்பு உண்டு என்பதால் 2014-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு அளவைக் குறைத்து, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. வயதானவர்கள், இதய நோயாளிகள், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இங்கே வருடக்கணக்கில் பான்-டி போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இதே போல இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளுகிற லெவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்த மாத்திரைகளும் உண்டு. கை நடுக்கம், தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவது, மாதவிடாய் தள்ளிப்போவது ஆகியவை வந்தால் மாத்திரையைச் சந்தேகியுங்கள்.

ஏற்காடு ஏறும்போது வாந்தி வருகிறது. பான்-டி போட்டுக்கொண்டு ஏறலாமா?

20 கொண்டை ஊசி வளைவில் வருகிற குமட்டல் வயிற்றில் பிறப்பது அல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் பிறப்பது. அமிலத்தை நிறுத்தினாலும் வளைவு நிற்காது, டாம்பெரிடோனும் அதற்குச் சரியான மருந்தல்ல. பயணத்துக்கென்று அவோமின் இருக்கிறது, அடிவாரத்துக்கு வந்த பின் அல்ல, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், ஆகவே வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பது பாதி மருந்து.

நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரிகிறது. அப்படியென்றால் ஆயுளுக்கும் வேண்டுமா?

அவசியமில்லை. பம்பு பூட்டியிருக்கும் காலத்தில் உடம்பு, “அமிலம் போதவில்லை” என்று கேஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே போகிறது. மாத்திரையைச் சட்டென்று விட்டதும் அந்தத் தூண்டுதல் எல்லாம் ஒரேயடியாக வேலை செய்கிறது. கோபன்ஹேகனில் 2009-ல் வெளியான ஒரு ஆய்வு சுவையானது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவுகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோய் இல்லாதவனுக்கே நிறுத்தியதும் எரிகிறது!

ஆகவே நிறுத்தியதும் எரிந்தால், ‘நோய் திரும்பிவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கி, நடுவில் ஃபமோடிடினோ ஆல்ஜினேட்டோ வைத்துக்கொண்டு சில வாரம் தள்ளினால் பலருக்கு விட்டுப்போகும். ஆனால் உணவுக்குழாயில் கடுமையான புண், பாரெட் மாற்றம் (நாள்பட அமிலம் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது), தினமும் ஆஸ்பிரின் போடும் வயதானவர், இப்படிச் சிலருக்குத் தொடர்ந்து வேண்டும். அவர்கள் வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு நிறுத்தினால் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

கிட்னி போய்விடும், எலும்பு உருகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை, பாதி பீதி. சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி அரிதாக வருவது நிஜம். வருடக்கணக்கில் போட்டால் மெக்னீசியமும் பி12-ம் குறையலாம். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் சுகர்காரர்கள் இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எலும்பு முறிவு, மறதி நோய் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் பதிவேடுகளை ஒப்பிட்டுச் சொன்னவை. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள்தானே இந்த மாத்திரையை அதிகம் போடுகிறார்கள்? 2019-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 17,598 பேருக்கு பான்டோபிரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து சுமார் 3 வருடம் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும், 1.0 சதவீதம் 1.4 ஆனது. தேவை இருந்தால் பயம் வேண்டாம், தேவை இல்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம் என்பது என் கணக்கு.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் போடுகிறவர்கள் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்க்க வேண்டும். அந்த மருந்து வீரியம் பெறுவதை இவை தடுக்கும். பான்டோபிரசோல் பரவாயில்லை. தைராய்டு மாத்திரைக்கும் ஜெலுசில் வகைக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். பான் வகை தொடர்ந்து போட்டால் தைராய்டு மாத்திரை சரியாக ஏறாமல் போகலாம், இரண்டு மாதத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் தினமும் விழுங்கிக்கொண்டு வயிற்றுக்கு மாத்திரை கேட்பவர்களிடம் நான் சொல்வது: முதலில் அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கர்ப்பிணிகள்?

முதலில் ஆல்ஜினேட்டும் ஜெலுசில் வகையும், சோடா உப்பு வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மற்றவை டாக்டரம்மா சொல்லி மட்டும்.

வோனோபிரசான் என்று புதிதாக எழுதியிருக்கிறார்களே?

2014-ல் ஜப்பானில் அனுமதி பெற்றது. அதே பம்பைத்தான் பிடிக்கிறது, ஆனால் பொட்டாசியம் நுழைகிற இடத்தை அடைத்துக்கொள்கிற விதத்தில். பம்பு தூங்கினாலும் பிடிக்கும், முதல் நாளே வேலை தெரியும், சாப்பாட்டு நேரக் கணக்கும் இல்லை. புண் கடுமையாக இருப்பவருக்கு நல்ல வரவு. நேரம் தவறிப் போட்டதால் மட்டும் பான் கேட்காதவருக்கு அது அவசியமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்படியானால் எனக்கு எது?

மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் எரிகிறதா, ஜெலுசிலே போதும். என்ன சாப்பிட்டால் வரும் என்று தெரிந்தால் ஃபமோடிடின். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வருகிறதா, டாக்டரைப் பார்த்துவிட்டு 4 முதல் 8 வாரம் பான் வகை, சரியான நேரத்தில். அப்புறம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

விழுங்கினால் மாட்டுகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மலம் தார் போலக் கருப்பாகப் போகிறது, ரத்த வாந்தி: இதற்கெல்லாம் கடைக்கு வரவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. நெஞ்சை அழுத்திப் பிடித்து, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி இறங்கினால் ஈனோ குடித்துப் பார்க்கிற நேரம் அல்ல அது. ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் சட்டை நனைய வியர்த்து நின்றுகொண்டு “கேஸுதானுங்க, ஒரு பாக்கெட் கொடுங்க” என்றார். கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன், திட்டிக்கொண்டேதான் போனார். அது மாரடைப்புதான் என்று அவர் மகன் மறுவாரம் வந்து சொன்னார்.

மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியாதா?

கொஞ்சம் முடியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்கள். பத்தரைக்குக் கொத்துப் பரோட்டா, பதினொன்றுக்குத் தூக்கம் என்றால் எந்த மாத்திரையும் தோற்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வையுங்கள். தொப்பை குறைந்தால் வளையத்தின் மேல் அழுத்தம் குறையும். ஜில் பால் அப்போதைக்கு இதம், பிறகு அதுவே அமிலத்தைத் தூண்டும். கோலி சோடா ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே தூக்கிவரும். காபியை எல்லோருக்கும் தடை போட மாட்டேன், ஏற்காட்டுக் காபி குடித்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. தட்டுவடை செட்டும் அப்படியே, சிலருக்கு அதிலுள்ள பச்சை வெங்காயமும் காரச் சட்னியும்தான் வினை. ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவாக இருக்கிறதே, கேட்குமா?

கேட்கும். அட்டையில் பெரிதாக இருக்கிற பெயரைப் பார்க்காதீர்கள், பொடியாக அச்சடித்த மருந்துப் பெயரையும் அளவையும் பாருங்கள். பான்டோபிரசோல் 40 என்றிருந்தால் அது பான்டோபிரசோல் 40-தான். நான் கடை வைத்திருப்பவன், இதைச் சொல்வதால் எனக்கு நட்டம். பரவாயில்லை, எங்கே வாங்கினாலும் டிபனுக்கு அரை மணி முன்னால் போடுங்கள்.